“குடிகாரன்தான், பேசாம வா!”

கேள்வி: போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அழுக்கு வேட்டியோடு ஒரு பெரியவர் விழுந்து கிடந்தார். சுற்றி நின்ற கூட்டம் வேடிக்கைதான் பார்த்தது. நான் கிட்டே போனேன். “குடிகாரன்தான், பேசாம வா” என்று கணவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். சர்க்கரை இறங்கி வந்த மயக்கமாம். ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைத்துக்கொண்டார் என்று பூக்கார அக்கா மறுநாள் சொன்னார். அதிலிருந்து கணவரிடம் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. இப்படி ஒரு கல்நெஞ்சக்காரரோடா வாழ்கிறேன்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை வைத்து அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று முடிவுகட்ட என்னால் முடியவில்லை.

நியூயார்க் சுரங்க ரயிலில் இர்விங் பிலியாவின் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் நடத்திய ஆய்வு ஒன்று 1969-ல் வெளியானது. ஓடும் ரயிலில் ஒருவர் மயங்கி விழுவதுபோல் நடிப்பார். கையில் ஊன்றுகோல் இருந்தபோது நூற்றுக்கு 95 தடவை யாராவது தாமாகவே ஓடிவந்து தூக்கினார்கள். மதுவாடையும் கையில் பாட்டிலுமாக விழுந்தபோது அது பாதியாகக் குறைந்தது. அதே ரயில், அதே மாதிரிப் பயணிகள்தான். ‘இவன் தானே தேடிக்கொண்டது’ என்று தோன்றிவிட்டால் இரக்கம் சுருங்கிவிடுகிறது.

கூட்டமும் சேர்ந்து கெடுக்கிறது. புகை நுழையும் அறையில் ஒருவரைத் தனியாக உட்காரவைத்தபோது நான்கில் மூன்று பேர் வெளியே போய்ச் சொன்னார்கள். கண்டுகொள்ளாததுபோல் நடிக்க இருவரைக் கூடவே உட்காரவைத்தபோது பத்தில் ஒருவர்தான் சொன்னார். உளவியலாளர்கள் லத்தானே, டார்லி இருவரும் 1968-ல் எழுதியது இது.

சர்க்கரை இறங்கினால் வியர்த்துக்கொட்டும், நாக்கு குழறும், கால் தள்ளாடும். பார்ப்பவர்களுக்குப் போதை மாதிரியே தெரியும். சரி, குடித்தே இருக்கட்டும், அதனால் என்ன? மயக்கத்தில் மல்லாந்து கிடப்பவர் வாந்தியெடுத்தால் மூச்சடைத்து உயிரே போகலாம். குடித்தவருக்கும் ஆம்புலன்ஸ் வரத்தான் வேண்டும். ‘குடிகாரரா இல்லையா’ என்ற கேள்வியே அங்கே தேவையில்லாதது. உங்கள் கணவரிடம் நான் வருத்தப்படுவது இதற்காகத்தான்.

அவரிடம் “ஏன் அப்படிச் செஞ்சீங்க?” என்று ஆரம்பிக்காதீர்கள், தன் பக்க நியாயத்தைத்தான் அடுக்குவார். “அன்னைக்கு எதுக்குப் பயந்தீங்க?” என்று கேளுங்கள். போலீஸ், கோர்ட் என்று அலையவிடுவார்கள் என்ற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு உதவினால்கூடப் பெயர், விலாசம் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவும் அதன்கீழ் வந்த விதிகளும் அந்தப் பாதுகாப்பைத் தருகின்றன. இங்கேயோ விபத்துகூட இல்லை, 108-க்கு ஒரு போன் போட்டால் போதும்.

அப்புறம், இனி இப்படி நேர்ந்தால் இருவரும் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். அவர் போன் போடட்டும். நீங்கள் மூச்சு இருக்கிறதா என்று பார்த்து, ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மூச்சில்லை என்றால் போனிலேயே அதைச் சொல்லி, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சர்க்கரையோ ஊற்றவிடாதீர்கள். தனியாக இருந்தால், “யாராவது வாங்க” என்று பொதுவாகக் கத்தாமல், “நீலச் சட்டை அண்ணே, நீங்க 108-க்குப் போன் பண்ணுங்க” என்று ஒருவரைக் கைகாட்டிச் சொல்லுங்கள்.