குழந்தையின் காலில் நாற்றம்: பவுடர் வேண்டாம், ஈரத்தைக் கவனியுங்கள்

டெல்லி ஆர்.கே.புரத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "என் மகனுக்கு 11 மாதம் ஆகிறது. சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் பெரியவர்கள் கால் மாதிரி நாறுகிறது. தினமும் குளிப்பாட்டுகிறோம். மதுரையிலிருந்து வந்திருக்கும் மாமியார், இந்தக் குளிரில் ராத்திரிகூட சாக்ஸைக் கழற்றக் கூடாது என்கிறார். பவுடர் போடலாமா? வினிகர் கலந்த தண்ணீரில் காலை ஊறவைக்கச் சொல்கிறார்கள் பக்கத்து வீட்டில். என் கணவருக்கும் இந்தத் தொல்லை உண்டு. அவரிடமிருந்து வந்திருக்குமோ?"

முதலில் பயத்தை விடுங்கள். நன்றாகப் பால் குடித்து, விளையாடி, எடையும் ஏறிவரும் குழந்தைக்குக் காலில் மட்டும் வாடை வந்தால் அது பெரும்பாலும் நோய் இல்லை. நீங்கள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்றும் அர்த்தமில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்தக் கேள்வியைக் கேட்கும் அம்மாக்கள் பலர் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்கிறார்கள்.

மனித உடம்பில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அத்தனையும் பிறவியிலேயே வந்தவை; வளர வளரப் புதிதாக உண்டாவதில்லை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான் அவை மிக நெருக்கமாக இருக்கும். குழந்தையின் சின்னப் பாதத்தில் அந்த நெருக்கம் இன்னும் அதிகம். ஆனால் வியர்வைக்கென்று தனியாக நாற்றம் கிடையாது. தோலில் எப்போதும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள், வியர்வையில் உள்ள அமினோ அமிலங்களையும் ஊறிப்போன தோலையும் சிதைக்கும்போது ஐசோவலேரிக் அமிலம் போன்றவை உருவாகின்றன. அந்தப் புளித்த வாடை அங்கிருந்துதான் வருகிறது. கால் உலர்ந்திருந்தால் இந்த வேலையே மந்தமாகிவிடும். அதனால் கூடுதலாக சோப்புப் போடுவதில் பலன் குறைவு. காலைக் காயவைப்பதுதான் வைத்தியம்.

இன்று குளிப்பாட்டிய பிறகு வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலிடுக்கையும் மெதுவாக விரித்துப் பாருங்கள். குழந்தைகளின் விரல்கள் கொழுகொழுவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவில் காற்றே புகாது. சாக்ஸ் நூல் திரண்டு சின்ன உருண்டையாக அங்கே இருக்கும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் வீடு என்றால் எண்ணெய்ப் பிசுக்கும், தேய்த்த பயத்தம் மாவும் அந்த இடுக்கில்தான் தங்கும். போதாததற்கு, இந்த வயதில் கால் கட்டைவிரலை வாயில் வைத்துச் சப்புவார்கள். அந்த எச்சில் ஈரத்தோடேயே நாம் சாக்ஸை மாட்டிவிடுகிறோம். தோல் அங்கே வெளுத்து ஊறியிருந்தால், வாடை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். இடுக்குகளை விரலால் நன்றாக அலசிவிட்டு, பழைய வேட்டித் துணியின் நுனியால் ஒவ்வொன்றையும் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. டர்க்கி டவல் அந்த இடுக்கில் நுழையாது, பழைய வேட்டி நுழையும். அப்புறம் பத்து நிமிஷம் கால் வெறுமனே இருக்கட்டும்.

குளிர் விஷயத்தில் உங்கள் மாமியாரின் கவலை நியாயமானது. ஜனவரியில் 5 டிகிரிக்கும் கீழே போகிற ராத்திரிகள் டெல்லியில் உண்டு. ஆனால் கால் ஜில்லென்று இருப்பதை வைத்துக் குழந்தைக்குக் குளிர்கிறது என்று முடிவுகட்ட முடியாது. பச்சைக்குழந்தைகளுக்குக் கையும் காலும் சற்றுக் குளிர்ந்திருப்பது சகஜம். பின்கழுத்தையோ நெஞ்சையோ தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கதகதப்பாக இருந்தால் குழந்தைக்குப் போதிய சூடு இருக்கிறது. அங்கே வியர்த்திருந்தால் உடுப்பு அதிகம், ஒன்றைக் குறைக்க வேண்டும். சளி வைரஸால் வருவது, சாக்ஸ் போடாததால் வருவதில்லை என்பதையும் பக்குவமாகச் சொல்லுங்கள். இரவில் சாக்ஸ் வேண்டியே இருந்தால், பகலில் போட்டிருந்ததைக் கழற்றி, காலைத் துடைத்துக் காயவிட்டு, படுக்கப்போகும்போது புதிதாக ஒரு ஜோடி உலர்ந்த காட்டன் சாக்ஸ் மாட்டலாம். இதற்கு அவரும் ஒப்புக்கொள்வார்.

சாக்ஸ் வாங்கும்போது கொஞ்சம் யோசியுங்கள். சரோஜினி நகர் மார்க்கெட்டில் குவித்துவைத்து விற்கும் பளபளப்பான சாக்ஸ் பல, பார்க்கக் கம்பளி மாதிரி இருந்தாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல்தான். அது வியர்வையை உறிஞ்சாது. காட்டன் அதிகம் உள்ளதாக ஏழெட்டு ஜோடி இருந்தால் ஈரமானதும் மாற்ற வசதி. துவைக்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பி வெந்நீரில் போடுங்கள், சோப்பு நுரை போகும்வரை அலசுங்கள். மூடுபனி நாட்களில் துணி காயவே காயாது. லேசான ஈரம் மிச்சமிருந்தால் இஸ்திரி போட்டுவிடுங்கள். ரூம் ஹீட்டர் மேல் மட்டும் காயப்போட வேண்டாம், தீப்பிடிக்கும்.

நடக்கத் தொடங்காத குழந்தைக்கு ஷூ தேவையில்லை. நடை பழகும்போதும் வீட்டுக்குள் வெறுங்கால்தான் நல்லது. தரை ரொம்பக் குளிர்ந்தால் ஒரு பாய் விரித்துவிடுங்கள். அடி வைத்தால் கீச்சிடும் பிளாஸ்டிக் ஷூவில் காற்றோட்டமே இருக்காது. வெளியே போக இரண்டு ஜோடி துணி ஷூ வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டால் ஒன்று காய நேரம் கிடைக்கும்.

பவுடர் வேண்டாம். தூவும்போது பறக்கும் தூள் குழந்தையின் நுரையீரலுக்குள் போகும், ஈரத்தோடு சேர்ந்து இடுக்கில் கட்டிதட்டவும் செய்யும். வினிகரும் வேண்டாம், அந்த மெல்லிய தோலைப் புண்ணாக்கிவிடும். சமையல் சோடா, படிகாரம், டீத்தண்ணீர், குளிக்கும் தண்ணீரில் கிருமிநாசினி சொட்டு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். இவற்றை விட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. மருந்துக் கடையில் சொல்லி வாங்கும், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த க்ரீம். போட்ட இரண்டு நாளில் சிவப்பு மறையும், பூஞ்சை உள்ளுக்குள் பரவிக்கொண்டிருக்கும். குழந்தைத் தோல் ஸ்டீராய்டை எளிதில் உடம்புக்குள் இழுத்துக்கொள்ளவும் செய்யும். டாக்டர் பார்த்து எழுதித் தராமல் எந்த க்ரீமையும் தொடாதீர்கள்.

காலை உலர்த்தி வைத்தும் ஒரு வாரம் பத்து நாளில் வாடை குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். இடுக்கில் சிவந்து நீர் கசிந்தாலோ, வெடித்தாலோ, உள்ளங்காலில் குட்டிக் குட்டிப் பள்ளங்கள் தெரிந்தாலோ காத்திருக்க வேண்டாம். உள்ளங்காலில் கொப்புளம் வந்து, ராத்திரியில் குழந்தை அரிப்பால் அழுது, வீட்டில் மற்றவர்களுக்கும் அரித்தால் அது சிரங்காக இருக்கலாம். ஏதாவது ஒரு விரல் மட்டும் வீங்கிச் சிவந்திருந்தால் உடனே பாருங்கள்: தலைமுடியோ சாக்ஸ் நூலோ இறுகச் சுற்றியிருக்கும், ரத்த ஓட்டமே நின்றுபோகும். பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து மூச்சு வாங்கினால் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். மிக அபூர்வமாக, உடம்பு முழுவதும் இந்தக் கால் வாடை வந்து, குழந்தை பால் குடிக்காமல், வாந்தி எடுத்து, துவண்டு கிடக்கலாம். அது ஐசோவலேரிக் அசிடீமியா என்ற பிறவிக் கோளாறாக இருக்கலாம். ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உங்கள் மகனுக்கு அப்படி எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதியதில் தெரியவில்லை.

கடைசியாக உங்கள் கணவர். அதிகம் வியர்க்கும் இயல்பு குடும்பத்தில் வரலாம், ஆனால் அது பொதுவாகக் கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் தெரியும். அவர் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது தொற்றும். அவர் முதலில் வைத்தியம் செய்துகொள்ளட்டும். அதுவரை அவர் டவலால் குழந்தையைத் துடைக்க வேண்டாம், சாக்ஸையும் தனியாகத் துவைத்துவிடுங்கள்.