யார் எழுதிய இலக்கு?

வணக்கம் ஐயா. கொள்ளுப்பிட்டியில் ஒரு நிறுவனத்தில் எட்டுப் பேருக்குப் பொறுப்பாக இருக்கிறேன். ஒவ்வொரு ஜனவரியும் எல்லாருடைய இலக்குகளையும் இரவிரவாக இருந்து நானே எழுதிக் கொடுப்பேன். கையெழுத்துப் போடுவார்கள். பிறகு எதற்கெடுத்தாலும், "மிஸ், அடுத்து என்ன?" என்று வந்து நிற்பார்கள். இரவு ஏழு மணிக்கும் கந்தோரில் நான் மட்டும். ஊக்கத்தொகையைக் கூட்டவா, பயிற்சிப் பட்டறைக்கு அனுப்பவா?
- ச., வெள்ளவத்தை

அன்புள்ள ச.,

ஏழு மணிக்குத் தனியே இருக்கிறேன் என்ற வரியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. பட்டறையை விடுங்கள். ஊக்கத்தொகை வீட்டு வாடகைக்கு உதவும், கொடுங்கள். இந்த வருத்தத்துக்கு அது மருந்தில்லை.

ஆனால் பிள்ளை, பிழை உங்களுடையது. எட்டுப் பேரின் இலக்கையும் நீங்களே எழுதினால் எட்டும் உங்களுக்குத்தான் சொந்தம். சொந்தக்காரியிடம் வந்து கேட்காமல் அவர்கள் யாரிடம் கேட்பது?

பத்தொன்பது வயதில் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தக் கடையில் வேலைக்கு நின்றேன். கணக்கப்பிள்ளை ஐயா முதல் நாளே, "தம்பி, இந்தக் கிழமை நீ எதைப் பாக்கப் போறாய்?" என்றார். முழித்தேன். அவர் ஒன்றும் சொல்லித் தரவில்லை. மூன்றாம் நாள், பெரிய வெங்காயத்தில் அழுகிக் கழிவது எவ்வளவு என்று பார்க்கிறேன் என்றேன். ஒரு கொப்பி தந்தார். ஈரச் சுவரோரம் அடுக்கிய மூட்டைகள்தான் முதலில் அழுகின்றன என்று நானே கண்டுபிடித்தேன். கடை பூட்டும் நேரத்திலும் மூட்டைகளைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் 100ஆம் இலக்க பஸ் ஏறுவேன். பிறகு ஒரு பெரிய கந்தோரில் ஆறு வருஷம் இலக்குப் படிவத்தில் கையெழுத்து வைத்தேன். அதில் ஒரு வரிகூட இன்று ஞாபகத்தில் இல்லை. வெங்காயக் கொப்பி பக்கம் பக்கமாக ஞாபகம் இருக்கிறது.

1954இல் முகாமைத்துவ அறிஞர் பீட்டர் டிரக்கர், இலக்குகளை வைத்து வேலையை நடத்தும் இலக்குவழி முகாமைத்துவத்தைப் பற்றி எழுதியபோது, அதன் பெயரிலேயே 'சுயகட்டுப்பாடும்' சேர்ந்திருந்தது. கந்தோர்கள் முன்பாதியை எடுத்துக்கொண்டு பின்பாதியைக் கைவிட்டன. ஒவ்வொரு முகாமையாளரும் ஆண்டுக்கு இருமுறை தன் மேலாளருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பது அவர் சொன்ன வழி: மேலாளரின் இலக்கு எதுவென்று தான் விளங்கிக்கொண்டது, தன்னுடைய இலக்கு, மேலிடம் செய்வதில் தனக்கு உதவியாக இருப்பது, இடைஞ்சலாக இருப்பது. பாருங்கள், பேனை கீழே இருப்பவர் கையில் இருக்கிறது! முகாமையாளர்களுக்குச் சொன்னதை வெங்காயக் கடைப் பெடியனுக்கும் நான் கேட்பேன்.

உங்கள் எட்டுப் பேரையும் அப்படி எழுதச் சொல்லுங்கள். இடைஞ்சல் என்ற இடத்தில் உங்கள் பெயர் வரும். வாசிக்க நோகும். சிவப்புப் பேனையை லாச்சிக்குள் போட்டுவிட்டு வாசியுங்கள். முதலில் வெறுந்தாளோடுதான் வருவார்கள். இரக்கப்பட்டு நீங்கள் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கணக்கப்பிள்ளை ஐயா எனக்காக மூன்று நாள் காத்திருந்தார்.