தையல், நிட்டிங், குரோஷா: எடுத்த கைவேலையை வருடம் முழுவதும் சலிக்காமல் செய்வது எப்படி?

"தையல், நிட்டிங், குரோஷா, எம்பிராய்டரி எல்லாமே பிடிக்கும். ஆசையாக ஆரம்பிப்பேன், இரண்டு மாதத்தில் பையில் கட்டிப் போட்டுவிடுவேன். வருடம் முழுவதும் தொடர என்ன வழி? பையில் இருப்பதை முடித்துவிட்டுத்தான் புதியதை எடுக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பீரோவின் கீழ்த்தட்டில் இந்த நிமிடம் மூன்று பைகள் கிடக்கின்றன. ஒன்றில் ஒரு கால் மட்டும் முடிந்த காலுறை. இன்னொன்றில் பாதி பூ போட்ட தலையணை உறை. மூன்றாவதில் என்ன இருக்கிறது என்று திறந்தால்தான் தெரியும். முன்பு இந்தப் பைகளைப் பார்த்தாலே எனக்கு என் மேல் கோபம் வரும். ஒரு வேலையையும் உருப்படியாக முடிக்கத் தெரியவில்லையே என்று.

ஒரு நல்ல பழக்கம் மட்டும் இருந்தது. எந்த வேலையை என்று தொடங்கினேன், என்று நிறுத்தினேன் என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பேன். சில வருடத்துக் குறிப்புகளை ஒருநாள் சும்மா புரட்டினேன். உல்லன் வேலை அத்தனையும் வெயில் ஏறத் தொடங்கிய வாரங்களில் நின்றிருந்தது. எம்பிராய்டரி எல்லாம் பொழுது சீக்கிரம் சாயத் தொடங்கியதும் நின்றிருந்தது. மிஷின் தையல் நின்றதெல்லாம் அடைமழையில். அன்றிலிருந்து என்னைத் திட்டிக்கொள்வதை விட்டுவிட்டு, வேலையைப் பருவத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றி வைக்க ஆரம்பித்தேன். கைவேலை என்பது மனசு மட்டும் செய்வதில்லையே. விரல் வியர்க்கிறதா, மடியில் எவ்வளவு கனம், ஜன்னலில் எவ்வளவு நேரம் வெளிச்சம், துவைத்த துணி காய்கிறதா, இத்தனையும் சேர்ந்துதான் அது நடக்கிறது.

ஸ்வெட்டரில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் தடுக்கி விழுவது அங்கேதான். குளிர் வந்ததும் ஸ்வெட்டர் ஆசை வரும். நூல் வாங்கி, ஊசி தேடி, ஆரம்பித்து, முடிக்கும்போது வெயில் வந்திருக்கும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுத்தரக் கனமுள்ள நூலில் பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணி (ஊசியில் போடும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி), 28 வரிசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 100 சென்டிமீட்டர், நீளம் 60 என்றால் வரிசைக்கு 220 கண்ணி, மொத்தம் 168 வரிசை. பெருக்கினால் உடம்புப் பகுதிக்கு மட்டும் கிட்டத்தட்ட 37,000 கண்ணி. நிமிடத்துக்கு 30 கண்ணி போடும் கை என்றால் இருபது மணி நேரத்துக்கு மேல். வாரத்தில் மூன்று மாலை, மாலைக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் ஏழு வாரம். கை இரண்டும் கழுத்துப் பட்டியும் இன்னும் பாக்கி. குளிர் தொடங்கியபின் ஊசி எடுத்தால் குளிர் முடியும்போது உடம்புதான் முடிந்திருக்கும்.

அப்படியானால் வெயிலிலேயே ஆரம்பிக்க வேண்டும். ஆனால் வெயிலில் உல்லனை மடியில் போட்டுக்கொண்டு யார் உட்காருவது? கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை, தொட்டால் ஈரம் தெரியாமலே, உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். நம் வியர்வையையும்தான். சரி, நான் கண்டுபிடித்த சமரசம் இது: வெயில் காலத்தில் கைப்பகுதிகள், குளிரில் உடம்பு. கைப்பகுதி சின்னது, மடியில் பரவாது, ஒரு பையில் போட்டு வெளியே காத்திருக்கும் இடங்களுக்கும் எடுத்துப் போகலாம். குளிர் வந்தபின் உடம்புப் பகுதி மடியில் வளர வளர அதுவே பாதிப் போர்வை ஆகிவிடும்.

இதிலும் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். மகளுக்கு ஒரு பச்சை ஸ்வெட்டர். இடது கையைக் குளிரில் உலோக ஊசியில் பின்னியிருந்தேன். வலது கைக்கு வரும்போது வெயில் வந்துவிட்டது. வியர்வையில் உலோக ஊசி வழுக்குகிறது என்று அதே அளவில் மூங்கில் ஊசிக்கு மாறினேன். அளவு இரண்டிலும் நான்கு மில்லிமீட்டர்தானே, என்ன ஆகிவிடும் என்ற எண்ணம். மூங்கில் நூலைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் என் கண்ணிகள் இறுகிவிட்டன. வரிசைகளை எண்ணித்தான் முடித்தேன், அளந்து பார்க்கவில்லை. மகள் போட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, எனக்கு ஒரு கை மட்டும் வளந்துடுச்சா?" என்றாள். மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம்! குட்டைக் கையைத் தோள் வரை பிரித்து மறுபடி போட்டேன். இப்போதெல்லாம் இரண்டு கைகளையும் நீளமான வட்ட ஊசி (இரண்டு ஊசி முனைகளை வளையும் கயிறு ஒன்று இணைத்திருக்கும்) ஒன்றிலேயே, தனித்தனி நூலுருண்டையில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பின்னுகிறேன். ஒரு வரிசை இடதில், அடுத்தது வலதில். ஊசி, பருவம், என் மனநிலை எது மாறினாலும் இரண்டும் சேர்ந்தே மாறும். கூடவே, ஒரு கை முடிந்ததும் இன்னொன்றைத் தொடங்கச் சோம்பல் வரும் பாருங்கள், அந்தத் தொல்லையும் இல்லை. காலுறைக்கும் இதே வழிதான். கீழ்த்தட்டில் கிடக்கும் ஒற்றைக் காலுறை இந்த ஞானத்துக்கு முந்தையது.

உச்சி வெயில் மாதங்களில் நான் அதிகம் எடுப்பது குரோஷாவும் (ஒற்றைக் கொக்கியில் போடும் பின்னல்) பருத்தி நூலும்தான். நிட்டிங்கில் நூற்றுக்கணக்கான கண்ணிகள் ஊசியில் உயிரோடு தொங்கிக்கொண்டிருக்கும், ஊசி உருவிக்கொண்டால் நெஞ்சு நின்றுவிடும். குரோஷாவில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். புழுக்கம் தாங்கவில்லை என்றால் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகலாம். ஒரு எச்சரிக்கை: பருத்தி நூலில் கம்பளி போல நெகிழ்வு இல்லை. அந்த இழுவை முழுக்க மணிக்கட்டில்தான் விழும். அதனால் அரை மணிக்கு மேல் ஒரே மூச்சாகப் போடுவதில்லை. (போகிற போக்கில் ஒன்று. காலுறை பின்னும் மிஷினை இங்கிலாந்துக்காரர் வில்லியம் லீ 1589-லேயே செய்துவிட்டார். குரோஷாவுக்கு அப்படித் தொழிற்சாலையில் ஓடும் மிஷின் இன்னும் வரவில்லை. கடையில் தொங்கும் குரோஷா மேலாடை ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் கொக்கியோடு உட்கார்ந்து போட்டிருக்கிறார். விலையைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கைகள்தான் ஞாபகம் வரும்.)

எம்பிராய்டரிக்கு வெளிச்சம்தான் எல்லாம். கறுப்பு, கருநீலத் துணியில் போடும் வேலையைப் பகல் நீளமாக இருக்கும் மாதங்களுக்கே ஒதுக்கிவிடுங்கள். விளக்கடியில் கறுப்புத் துணியின் இழையை எண்ணி யாரும் சந்தோஷப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. பொழுது குறையும் காலத்தில் வெளிர் துணி, காம்புத் தையல், சங்கிலித் தையல் போதும். அப்புறம், நூல் சிக்குகிறது என்று வெறுத்துத்தான் பலர் இதை விடுகிறார்கள். ஆறு இழை நூலில் இரண்டு இழை வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்து இழுக்காதீர்கள். ஒவ்வொன்றாக உருவி எடுத்து, பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். நீளம் விரல் நுனியில் இருந்து முழங்கை வரை இருந்தால் போதும். அடிக்கடி கோக்கச் சோம்பல்பட்டு நீளமாக வெட்டினால், முடிச்சுப் பிரிப்பதில் அந்த நேரம் இரட்டிப்பாகப் போகும்.

மழைக்காலம் மிஷினுக்கு ஏற்றது என்று தோன்றும், வெளியே போக முடியாதே, உட்கார்ந்து தைக்கலாம் என்று. நானும் அப்படித்தான் நினைத்து ஒரு பாவாடையைக் கெடுத்தேன். புதுப் பருத்தித் துணியைத் துவைத்துத்தான் வெட்ட வேண்டும் என்று தெரியும். மழையில் காயாது, இந்த ஒரு தடவை பரவாயில்லை என்று அப்படியே வெட்டி, உள்ளே பாலியஸ்டர் லைனிங் கொடுத்து, விளிம்பெல்லாம் கையால் ஹெம்மிங் செய்து அழகாக முடித்தேன். முதல் துவைப்பில் பருத்தி சுருங்கியது, லைனிங் சுருங்கவில்லை. நல்ல வேலைப்பாடு செய்த விளிம்புக்குக் கீழே இரண்டு விரல்கடை அளவுக்கு லைனிங் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்கு ஒரு லேஸ் வைத்து, வேண்டுமென்றே அப்படித் தைத்த மாதிரி சமாளித்தேன். தையல் தெரிந்தவர்கள் யாரும் நம்பவில்லை.

இப்போது வெயில் இருக்கும்போதே வருடத்துக்கு வேண்டிய துணிகளைத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு அடுக்கிவிடுகிறேன். மழை பெய்யும்போது வெட்டுவதும் தைப்பதும் மட்டும்தான் வேலை. ஈரக் காற்றில் ஊசிகள் துருப்பிடிக்கும். செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் ஊசிப் பெட்டியில் போட்டு வையுங்கள். தக்காளி வடிவ ஊசி மெத்தையில் குட்டியாக ஒரு ஸ்ட்ராபெரி தொங்குமே, அது அலங்காரம் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். அதற்குள் உப்புத்தாளில் ஒட்டியிருப்பது போன்ற உரசும் பொடி இருக்கும். ஊசியை நாலு தடவை குத்தி எடுத்தால் முனை பளிச்சென்று ஆகிவிடும்.

மழைக்கு இன்னொரு வேலையும் ஒத்துவரும்: பழுது பார்ப்பது. அறுந்த பட்டன், பிரிந்த தையல், முட்டியில் கிழிந்த பேண்ட் எல்லாம் ஒரு கூடையில் சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றும் பத்து நிமிட வேலை. பெரிய வேலை எதிலும் மனசு ஒட்டாத மாலையில் இரண்டு பட்டன் தைத்தாலே இன்று ஏதோ செய்தோம் என்று இருக்கும்.

குளிரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அப்போது கை தானாகவே வேலைக்குப் போகும். துண்டுத் துணி ஒட்டிய மெத்தை விரிப்பு, போர்வை மாதிரி கனமான வேலைகளை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மிஷின் கொஞ்சம் கனமாகச் சுழன்றால் பயப்படாதீர்கள், குளிரில் எண்ணெய் தடித்துவிடும். நூல் கோக்காமல் இரண்டு நிமிடம் மெதுவாக ஓட்டினால் சரியாகிவிடும். குளிர் முடிந்து உல்லனை எடுத்து வைக்கும்போது மட்டும் கவனம். துவைக்காமல் வைக்கவே கூடாது. கம்பளியைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. வியர்வையும் கறையும் உள்ள இடத்தைத்தான் அது முதலில் தேடிப் போகும். அக்குளில் ஓட்டை விழுந்த ஸ்வெட்டர்களைப் பார்த்தால் தெரியும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் புதியது என்று சபதம் எடுக்காதீர்கள், அப்புறம் ஊசியையே தொட மாட்டீர்கள். பைகளை ஒரு பகல் வேளையில் திறந்து கொட்டுங்கள். இந்தப் பருவத்துக்குப் பொருந்தும் ஒன்றை வெளியே வையுங்கள். பொருந்தாததில் ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள்: எந்த வரிசையில் நிற்கிறது, என்ன அளவு ஊசி, நூல் உறையில் அச்சடித்திருக்கும் சாயத் தொகுதி எண் என்ன. அந்த எண் இல்லாமல் அதே நிறத்தில் நூல் வாங்கினால், பின்னி முடித்தபின் நடுவில் கோடு போட்ட மாதிரி தெரியும்.

பார்க்கும்போதே பிடிக்காமல் போனது ஏதாவது இருந்தால் பிரித்துவிடுங்கள். பிரித்த கம்பளி நூல் சுருள் சுருளாக இருக்கும். நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, பிழியாமல் அமுக்கித் தண்ணீரை எடுத்துவிட்டுத் தொங்கப் போடுங்கள். காய்ந்ததும் பெரும்பாலும் நேராகி, புது நூல் போலப் பின்ன வரும்.

இதை எழுதும்போதே எழுந்து போய் அந்த மூன்றாவது பையைத் திறந்து பார்த்தேன். ஒரு சாம்பல் நிறக் கழுத்துத் துண்டு, பாதிக்கு மேல் முடிந்திருக்கிறது. கூடவே என் நான்கு மில்லிமீட்டர் வட்ட ஊசி. இது தொலைந்துவிட்டது என்றுதான் போன மாதம் புதிதாக ஒன்று வாங்கினேன்.