மழைக்காலத்தில் மட்டும் சிக்கும் கதவு

இப்போது இழைக்க வேண்டாம். மழையில் மட்டும் படுக்கையறைக் கதவு நிலையில் உரசுகிறது என்கிறீர்கள். இன்று இழைத்தால் வெயில் காலத்தில் அதே இடத்தில் இடைவெளி விழும். நான் அவசரப்பட்டு இழைத்துவிட்டு, அப்புறம் பட்டி வைத்து அடைத்தவன்.

மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது. நீளவாக்கில் அவ்வளவாக வளராது, அகலவாக்கில்தான். பெரும்பாலும் கதவின் மேல், கீழ் விளிம்புகளுக்குப் பெயின்ட் அடிக்காமல் விட்டிருப்பார்கள். ஈரம் அதிகம் நுழைவது அந்த வழியாகத்தான். கண்ணாடியை மேல் விளிம்பில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

அதற்கு முன் ஒன்று: கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஆடினால் குற்றம் மரத்தில் இல்லை, கீலில். திருகாணிகளை முறுக்கினாலே சரியாகலாம்.

ஆடவில்லையா? உரசும் இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்து இந்த மழையைக் கடத்துங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு அந்த விளிம்புகளுக்குப் பெயின்ட் அடியுங்கள். ஈரத்தோடு அடித்தால் உரிந்து வரும்.

வெயிலிலும் சிக்கினாலோ, நிலைக்கு மேலே சுவரில் விரிசல் இருந்தாலோ இதெல்லாம் பொருந்தாது. கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.