தூய யாக்கோபுவா, பெத்தேலா?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்க் கோயில் தூய யாக்கோபு ஆலயம். எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலேய மிஷன் சங்கத்தார் காலத்துக் கட்டடம். சுவர் விரிசல் விட்டதால் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறோம். அடுத்த மாதம் கல்வெட்டு வெட்டக் கொடுக்க வேண்டும். அதில் 'தூய' என்று போடுவதா, 'பரிசுத்த' என்று போடுவதா என்று கமிட்டியில் இழுபறி. இதற்கிடையே வாலிபர்கள், "நாம் என்ன ஆர்.சி.யா? பரிசுத்தவான் பெயரே வேண்டாம், பெத்தேல் ஆலயம் என்று வைப்போம்" என்கிறார்கள். தரைக்குக் கிரானைட் கொடுத்தவர் தம் தகப்பனார் பெயரில் 'மெமோரியல் சர்ச்' என்று கேட்கிறார். தங்கள் கருத்து வேண்டும்.

ஜே., தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள தம்பி ஜே.,

கிரானைட்காரரை முதலில் அனுப்பிவிடுவோம். மயிலாடியில் ரிங்கல்தௌபே, வேதமாணிக்கம் இருவர் பெயரிலும் நினைவாலயம் இருக்கிறது. அவர்கள் அங்கே சபையையே உண்டாக்கியவர்கள். தரை போட்டவருக்குத் தரையோரம் ஒரு சாண் கல் போதும்.

வாலிபர்களின் கேள்வியை அப்படித் தள்ள முடியாது. பரிசுத்தவான்களிடம் வேண்டுதல் செய்யாத நாம் அவர்கள் பெயரை ஏன் வைத்துக்கொண்டோம்? ரோமைவிட்டுப் பிரிந்த இங்கிலாந்துத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபை பழைய வழக்கத்தை அறுத்தெறியவில்லை, சலித்து எடுத்தது. அதன் 1662 ஜெபப் புத்தகத்தில் தனி நாளும் தனி ஜெபமும் பெற்ற பரிசுத்தவான்களைப் பாருங்கள், எல்லாரும் புதிய ஏற்பாட்டுக்காரர்கள். அதற்கு முன்பே 1538இல் இங்கிலாந்து அரசன் எட்டாம் ஹென்றி, முற்காலத்தில் வேறோர் அரசனை எதிர்த்துச் செத்த பேராயர் தாமஸ் பெக்கெட்டின் பெயரை எல்லாப் புத்தகங்களிலிருந்தும் அழிக்கச் சொன்னார். அவர் பெயரிலிருந்த கோயில்கள் பல என்ன செய்தன தெரியுமா? 'தூய தாமஸ்' என்ற பலகையை அப்படியே வைத்துக்கொண்டு, "இது அப்போஸ்தலனாகிய தோமா" என்று சொல்லிவிட்டன. ஆங்கிலத்தில் தோமாவும் தாமஸ்தான். பெயர் மாறவில்லை, ஆள் மாறிவிட்டார்.

ஆகவே பெயர் என்பது பக்தி மட்டுமல்ல. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் தூய மரியாள் ஆலயத்துக்கு அந்தப் பெயர், 1678 மார்ச் 25இல் வேலை தொடங்கியதால். அன்று மரியாளுக்குத் தூதன் நற்செய்தி சொன்ன திருநாள். எழும்பூரில் 1821இல் திறந்த தூய அந்திரேயா ஆலயம் ஸ்காட்லாந்துக்காரர்களுடையது. பரிசுத்தவான் நாட்களைக் கண்டாலே முகம் சுளிக்கும் பிரஸ்பிட்டேரியர்கள் அவர்கள். ஆனாலும் அந்திரேயா அவர்கள் தேசத்தின் பாதுகாவலர் அல்லவா!

நெல்லைச் சீமையில் சி.எம்.எஸ். என்ற இன்னொரு மிஷன்காரர்களும் எஸ்.பி.ஜி.காரர்களும் ஆங்கிலிக்கன்கள். அதனால் மெய்ஞ்ஞானபுரத்தில் தூய பவுல், நாசரேத்தில் தூய யோவான், இடையன்குடியில் பரிசுத்த திரித்துவம். ஆரல்வாய்மொழி தாண்டி நாகர்கோவில் போனால் லண்டன் மிஷன். அவர்கள் பெரும்பாலும் காங்கிரிகேஷனல்காரர்கள், அதாவது ஆங்கிலிக்கன் சபைக்கு வெளியே ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளும் வழியினர்; பரிசுத்தவான் பெயர் வைக்கும் பழக்கம் இல்லை. அவர்களுடைய பெரிய கோயிலுக்குப் பெயரே 'ஹோம் சர்ச்'. 1947 செப்டம்பர் 27இல் எல்லாரும் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை என்று ஒன்றாகிவிட்டோம், ஆனால் பழைய எல்லைக்கல் பெயர்ப்பலகையில் இன்னும் நிற்கிறது. உங்கள் ஊரில் 'தூய யாக்கோபு' என்றிருந்தால்தான் வெளியூர்க்காரனுக்கு அங்கே எந்த மிஷன் வேலை செய்தது என்று புரியும். அதைப் பிடுங்கிப் போடுவது தாத்தாவின் இனிஷியலை அடிப்பது மாதிரி.

இனி பெத்தேல். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. வேதத்தில் வரும் ஊர்ப் பெயரைக் கோயிலுக்கு வைப்பது ஒன்றும் தரக்குறைவல்ல. தரங்கம்பாடியில் 1718இல் சீகன்பால்க் கட்டியதற்கு 'புது எருசலேம்' என்றுதான் பெயர். வேல்ஸ் நாட்டில் ஆங்கிலிக்கன் சபையை விட்டு வெளியே வந்தவர்கள் கட்டிய கோயில்களில் பெத்தேலும் எபெனேசரும் சாலேமும் சீயோனும் ஊருக்கு ஊர் உண்டு. 'பெதஸ்தா' என்ற கோயிலின் பெயர் அங்கே ஓர் ஊருக்கே பெயராகிவிட்டது. அவர்கள் வசனத்தை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள். நம் பிள்ளைகள் வாசித்தார்களா? ஆதியாகமம் 28இல் யாக்கோபு தலைக்கு வைத்துப் படுத்த கல்லைத் தூணாக நிறுத்தி, லூஸ் என்ற ஊருக்குப் பெத்தேல், அதாவது தேவனுடைய வீடு என்று பேரிட்டான், சரி. அதோடு புத்தகத்தை மூடிவிடக் கூடாது. யெரொபெயாம் பொன் கன்றுக்குட்டியை வைத்தது அதே பெத்தேலில், 1 இராஜாக்கள் 12. ஆமோஸ் 5இல் "பெத்தேலைத் தேடாதேயுங்கள்" என்று கர்த்தரே சொல்கிறார். தீர்க்கதரிசி ஓசியா அதைப் பெத்தாவேன், அதாவது அக்கிரம வீடு என்று ஏளனமாகவே அழைக்கிறான். 'எபெனேசர்' கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சாமுவேல் கல் நிறுத்தி அந்தப் பெயரிடுவது 1 சாமுவேல் 7இல். 4ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் எபெனேசரில் பாளயமிறங்கித்தான் உடன்படிக்கைப் பெட்டியைப் பெலிஸ்தரிடம் பறிகொடுத்தார்கள். சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் மட்டும் 'ரெகொபோத்' என்று வைத்தால் மறுபேச்சில்லை. ஈசாக்கு இரண்டு கிணற்றைச் சண்டையில் விட்டுவிட்டு மூன்றாவதுக்கு வைத்த பெயர் அது. அப்படி ஓர் உண்மையாவது பெயரில் இருக்கட்டும்.

இன்னொன்று. பெத்தேல் என்று பேரிட்டவன் பெயரும் யாக்கோபு, உங்கள் கோயில் பெயரும் யாக்கோபு. ஆங்கிலத்தில் ஜேக்கப், ஜேம்ஸ் என்று பிரிந்துவிடும், தமிழில் ஒன்றுதான். அப்போஸ்தலரிலும் யாக்கோபு இருவர். பழைய பிரதிஷ்டைப் பத்திரத்தைத் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் பண்டிகை என்றைக்கு என்று பாருங்கள். ஜூலை 25 என்றால் செபதேயுவின் மகன். மே 1 என்றால் அல்பேயுவின் மகன், பிலிப்புவோடு சேர்த்துக் கொண்டாடப்படுகிறவர். யார் என்று தெரிந்தபின் கல்வெட்டில் 'அப்போஸ்தலனாகிய' என்ற சொல்லையும் சேர்க்கலாம்.

பெயரை மாற்றினால் வரும் தொல்லையையும் வாலிபர்களிடம் சொல்லுங்கள். ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் மூன்றிலும் பழைய பெயர் இருக்கும். இருபது வருஷம் கழித்து விசாவுக்காகத் திருமணச் சான்று எடுக்க வருகிறவன் கையில் பழைய நகலில் ஒரு கோயில், புதிய நகலில் வேறு கோயில். அதிகாரியிடம் நின்று விளக்கப்போவது இவர்களா? இடிக்கும்போது பழைய அஸ்திவாரக் கல்லை ஜல்லியோடு ஜல்லியாக லாரியில் ஏற்றிவிடாதீர்கள். பத்திரமாகப் பெயர்த்து, புதுச் சுவரில் வாசலுக்கு உட்புறமாக, மழை படாத இடத்தில் பதியுங்கள்.

நீங்கள் கேட்டதை மறந்தே போனேன். 'தூய', 'பரிசுத்த' இரண்டும் ஒரே பொருள்தான். 'தூய' என்றே வெட்டச் சொல்லுங்கள். இரண்டெழுத்து, கல்லில் இடம் மிச்சம், 'அப்போஸ்தலனாகிய' நீளமான சொல்.

அன்புடன்