ஈரோட்டுக்குக் கிழமை பார்த்து வாங்க!

கே: தங்கைக்கு வைகாசியில் கல்யாணம். ஜவுளி எடுக்க ஈரோடு வருகிறோம். கடைவீதிப் பக்கம் எங்கே சாப்பிடலாம், என்ன பார்க்கலாம்?
– வாசகி, மன்னார்குடி

ப: எந்தக் கிழமை வர்றீங்கன்னு சொல்லவே இல்லையே! ஈரோட்டில் அதுதான் முதல் கேள்வி. பன்னீர்செல்வம் பூங்காவை ஒட்டின கனி மார்க்கெட்டில் வாரச்சந்தை திங்கட்கிழமை ராத்திரி தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும். கேரளா, கர்நாடகா வியாபாரிகள் மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போவது அப்போதுதான், நீங்களும் அந்த நேரத்துக்கே வாங்க. துண்டு, லுங்கி, நைட்டி, போர்வை, காட்டன் சேலை எல்லாம் இங்கே எடுக்கலாம், முகூர்த்தப் பட்டுச் சேலையை மட்டும் இங்கே தேட வேண்டாம், அதற்குப் பெரிய கடைகள் இருக்கின்றன. சீருக்கு ஜமக்காளம் வாங்குவதாக இருந்தால் பவானிக் கைத்தறிதானா என்று கேட்டு வாங்குங்கள். புவிசார் குறியீடு பெற்ற சரக்கு அது, அந்தப் பேரில் விசைத்தறிச் சரக்கும் கலந்து வருகிறது.

மத்தியானம் இலை போட்டு அசைவம் சாப்பிட ஜூனியர் குப்பண்ணா. 1960-ல் இதே ஊரில் தொடங்கின கடை, இப்போது பல ஊரில் இருந்தாலும் இங்கே சாப்பிடுவது ஒரு திருப்தி. ஆனால் என்னைக் கேட்டால், சாயங்காலம் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிடாமல் ஊருக்குத் திரும்பக் கூடாது. ஒரு தட்டுவடை மேல் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி தடவி, துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்து இன்னொரு தட்டுவடையால் மூடிக் கொடுப்பார்கள். வாங்கின கையோடு வாயில் போட்டுவிட வேண்டும், பேசிக்கொண்டு நின்றால் நமுத்துப்போகும்.

அப்புறம், பங்குனியில் வருவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பிரப் ரோட்டுப் பெரிய மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்கு நட்ட கம்பத்தைப் பிடுங்கி மஞ்சள் நீர் ஊற்றும் நாளில் ஊரே தெருவில்தான் இருக்கும். (அந்த ரோட்டுக்கு மீனாட்சி சுந்தரனார் சாலை என்று பேர் மாற்றியாச்சு, ஆட்டோக்காரரிடம் பிரப் ரோடு என்றே சொல்லுங்கள்.) அன்றைக்கு வேடிக்கை பார்க்கலாம், ஜவுளி எடுக்க முடியாது.

கே: பள்ளிபாளையம் சிக்கன் கடைக்குக் கடை ஒரு ருசியாக இருக்கிறதே, அசல் எது?
– வாசகர், திருநெல்வேலி

ப: தட்டில் குழம்பு ஓடினால் அது இல்லை. பள்ளிபாளையம் காவிரிக்கு அக்கட்ட, கருங்கல்பாளையம் பாலம் தாண்டினால் வந்துவிடும், நாமக்கல் மாவட்டம். சின்ன வெங்காயம், விதை உதிர்த்த வரமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், பல்லுப் பல்லாகக் கீறின தேங்காய், சரக்கு அவ்வளவுதான். கோழி தான் விட்ட தண்ணீரிலேயே வெந்து சுண்ட வேண்டும். தக்காளியும் கரம் மசாலாவும் போட்டுவிட்டு இந்தப் பேர் வைப்பது அநியாயம்.

கே: இரண்டு பிள்ளைகளோடு வருகிறோம். ஜவுளிக்கடையை விட்டால் அங்கே வேறு என்ன இருக்கிறது?
– வாசகர், ஓசூர்

ப: பெரியார் அண்ணா நினைவகத்துக்குக் கூட்டிப் போங்கள். 1879-ல் பெரியார் பிறந்த ஊர், 1925-ல் ‘குடிஅரசு’ பத்திரிகையை அவர் தொடங்கினதும் இங்கேதான், பிற்பாடு அண்ணாவும் இங்கே இருந்து பெரியாரின் பத்திரிகையில் வேலை பார்த்தார். பிள்ளைகள் ரொம்பச் சின்னவர்கள் என்றால் அதைவிட வ.உ.சி. பூங்காவைத்தான் ரசிப்பார்கள்.

வியாழக்கிழமை அமைந்தால் கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையை விடாதீர்கள். துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்தே விலை பேசுகிற தரகர்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். முகத்தை வைத்து என்ன விலைக்குப் படிந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது! வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், சந்தைக்குப் பழைய செருப்பே போதும்.