இரா. செழியன் யார்? அவருக்கும் வேலூருக்கும் என்ன தொடர்பு?

வேலூரில் இன்றைய பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரியாமல் போவதுதான் எனக்கு வருத்தம். நாவலர் நெடுஞ்செழியனின் தம்பி. 1962இல் பெரம்பலூரிலும், 1967, 1971 தேர்தல்களில் கும்பகோணத்திலும் தி.மு.க. சார்பில் மக்களவைக்குப் போனவர். 1978 முதல் 1984 வரை மாநிலங்களவையில் இருந்தார்.

எதிர்க்கட்சி எம்.பி. என்றால் கூச்சல் போடுபவர் என்று நினைக்கிறோம். இவருடைய பலம் கணக்கு. 1971இலிருந்து 1973 வரை பொதுக்கணக்குக் குழுவின் தலைவர். ஒதுக்கிய பணம் ஒதுக்கிய வேலைக்குத்தான் போனதா என்று தணிக்கை அறிக்கையை வைத்துக்கொண்டு அதிகாரிகளைக் கேள்வி கேட்கும் குழு அது. கேமரா இருக்காது, கைதட்டல் இருக்காது. பத்தி பத்தியாகப் படித்தவர்தான் அங்கே பேச முடியும்.

அப்புறம், 1975இல் இந்திரா காந்தி கொண்டுவந்த அவசரநிலையின் அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் அறிக்கை. 1980இல் இந்திரா காந்தி மீண்டும் ஆட்சிக்கு வந்தபின் அது கண்ணிலேயே படாமல் போனது. தன்னிடமிருந்த பிரதியைப் பத்திரமாக வைத்திருந்து, 2010இல் நூலாக வெளியிட்டார் செழியன். அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்பேன்.

வேலூர்த் தொடர்பு இங்குள்ள வி.ஐ.டி. பல்கலைக்கழகம் வழியாக வந்தது. அதன் நிறுவனர் ஜி. விஸ்வநாதனும் 1967இல் வந்தவாசியிலிருந்து மக்களவைக்குப் போனவர், அதே கட்சி. கடைசிக் காலத்தை வேலூரில் கழித்த செழியன், 2017 ஜூன் 6 அன்று இங்கேயே காலமானார்.